வீட்டில் ஏர்கன் ஸ்லக் அடிக்கலாமா? டெல்டாக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஏர்கன் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் ஸ்லக்கில், அதாவது அதில் போட்டுச் சுடும் உருளை வடிவ ஈயக் குண்டில், வந்து நிற்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ரீலோடிங் பிரஸ்ஸின் கைப்பிடியை ஒரு இழு இழுத்து, பளபளவென்று ஈயக் குண்டைத் தட்டி எடுக்கும் வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, மயிலாடுதுறை பக்கத்து நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பல இடங்களில் என் பதில் "வேண்டாம்" என்றுதான் வரும். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்லக் என்றால் என்ன? நாம் வாங்கும் பெல்லட்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

டப்பாவில் வரும் பெல்லட்டை விரலில் வைத்துப் பாருங்கள். தலை கெட்டியாக இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும், பின்பக்கம் உள்ளே குடைந்து ஓரம் காகிதம் மாதிரி மெல்லியதாக இருக்கும். சுடும்போது பின்னாலிருந்து வரும் காற்றழுத்தம் அந்த மெல்லிய ஓரத்தை விரித்து பேரலோடு (துப்பாக்கிக் குழலோடு) ஒட்ட வைக்கிறது. காற்று கசியாது. வெளியே வந்த பிறகு அதே அகன்ற பின்பக்கம் காற்றில் இழுபட்டு, தலையை முன்னோக்கியே வைத்திருக்கிறது. பேரலின் உட்சுவரில் உள்ள சுருள் வரிகள் தரும் சுழற்சி அதற்கு மேல் ஒரு துணை, அவ்வளவுதான்.

ஸ்லக்குக்கு இடுப்பும் கிடையாது, விரியும் ஓரமும் கிடையாது. கிட்டத்தட்ட உருளை. முனையில் ஒரு குழி, அடியில் ஒரு சிறு பள்ளம். காற்றை நன்றாகக் கிழித்துக்கொண்டு போகும், தூரத்தில் வேகத்தை அதிகம் இழக்காது, குறுக்குக் காற்றுக்கு அதிகம் அசையாது. ஆனால் நேராகப் போவதற்கு அது முழுக்க முழுக்கச் சுழற்சியைத்தான் நம்பியிருக்கிறது. பேரலோடு ஒட்டுவதற்கும் தன் அளவைத்தான் நம்பியிருக்கிறது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடினால் இறுகும், குறைந்தால் காற்று கசியும்.

ரீலோடிங் பிரஸ் என்பது என்ன? அதில் ஸ்லக் எப்படி வருகிறது?

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பப் பயன்படும் கை பிரஸ் அது. கனமான இரும்புச் சட்டம், கீழிருந்து மேலே ஏறும் ஒரு தண்டு, அதை இயக்க நீண்ட கைப்பிடி. மேலே டை (வடிவம் தரும் கெட்டி இரும்பு அச்சு) மாட்டும் துளையின் மரை பெரும்பாலான பிரஸ்களில் ஒரே அளவு: எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 புரி. அதனால்தான் தோட்டாவுக்காகச் செய்த பிரஸ்ஸில் வேறு வேலைக்கான டைகளையும் மாட்ட முடிகிறது.

ஸ்லக் வேலை இப்படி நடக்கும். சுத்தமான, மெத்தென்ற ஈயத்தை முறுக்கு உரலில் மாவு பிழிவது போல அழுத்திக் கம்பியாக்குகிறார்கள். கம்பியைச் சம துண்டுகளாக வெட்டுகிறார்கள். தேவையான எடையைவிடத் துண்டு ஒரு இம்மி கூடுதலாக இருக்கும். மேலே லேசாக எண்ணெய் தடவி டைக்குள் வைத்து அழுத்தினால், ஈயம் உருகாமலே நெகிழ்ந்து டையின் வடிவத்தை எடுக்கிறது. கூடுதலாக இருக்கும் ஈயம் டையின் பக்கவாட்டில் உள்ள ஊசித் துளைகள் வழியாக மெல்லிய நூலாகப் பிதுங்கி வெளியேறும். எடை ஒன்றுபோல வருவதற்குக் காரணமே அந்தத் துளைகள்தான். முனையில் உள்ள குழியையும் அடிப்பள்ளத்தையும் இரு பக்கமும் இருந்து அழுத்தும் பஞ்ச் எனும் இரும்புத் தண்டுகள் போடுகின்றன.

இதில் மாறாத விதி ஒன்று உண்டு. துண்டு எப்போதும் டையைவிட ஒல்லியாக இருக்க வேண்டும். அழுத்தும்போது அது பருக்கலாம், இளைக்காது. ஒரு சுற்றுப் பெரிய துண்டைத் திணித்தால் டை சிக்கும், பஞ்ச் தண்டு வளையும்.

எண்ணெய்க்கு அங்கே விளக்கெண்ணெயும் கம்பளிக் கொழுப்பும் கலந்து பயன்படுத்துகிறார்கள். நம் வீட்டு மாடத்தில் இருக்கும் அதே விளக்கெண்ணெய்தான். வீடியோவில் இந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் "இவ்வளவுதானே, நாமே செய்யலாமே" என்று நம்மவர்களுக்கு ஆசை வருகிறது என்று நினைக்கிறேன்.

உருக்கி அச்சில் ஊற்றினால் போதாதா?

ஊற்றலாம், அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஈயம் ஆறும்போது சுருங்கும். உள்ளே சின்னக் காற்றுப் புரைகள் தங்கும். புரை நடுவில் இல்லாமல் ஓரமாக அமைந்தால், சுழலும் குண்டு தள்ளாடும். சுவாமிமலை ஸ்தபதி வார்ப்பில் குறை இருந்தால் உளியால் சரிசெய்துவிடுவார். 5 மில்லிமீட்டர் குண்டின் உள்ளே இருக்கும் புரையை யாரும் சரிசெய்ய முடியாது. அழுத்தி எடுப்பதை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் இதுதான்.

சரி, என் ஏர்கனில் ஸ்லக் போட்டால் நன்றாகப் போகுமா?

பெரும்பாலும் போகாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முழு ஆசையும் இங்கேதான் தொடங்குகிறது, இங்கேயே முடிந்தும் விடலாம்.

இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர்கனுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. பேரல் துளை 4.5 மி.மீ. தாண்டக் கூடாது, குழல் முனையில் சக்தி 20 ஜூல் (ஆற்றலின் அலகு) அளவைத் தாண்டக் கூடாது. சக்தியைக் கணக்கிடுவது சுலபம்: குண்டின் எடையை கிராமில் எடுத்து, வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து அதை அதாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்கி 2000-ஆல் வகுங்கள். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 275 மீட்டர் போனால் கிட்டத்தட்ட 20 ஜூல். எல்லை அதோடு முடிந்தது. அதே 20 ஜூல் சக்தியை 0.8 கிராம் ஸ்லக்குக்குக் கொடுத்தால் வேகம் 224 மீட்டர்தான். அதுவும் காகிதக் கணக்கு. கடையில் வாங்கும் ஸ்பிரிங் துப்பாக்கிகள் பல இந்த எல்லைக்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன.

ஸ்லக் என்பது காற்றை முன்கூட்டியே அடைத்துவைத்த பிசிபி துப்பாக்கிக்காக, அதிலும் 5.5 மி.மீ., 6.35 மி.மீ. போன்ற பெரிய துளைகளுக்காக வளர்ந்த சங்கதி. நீண்ட பேரல், நிறையக் காற்று, கூடுதல் சக்தி. அங்கே 80, 100 மீட்டரில் பெல்லட் அலைபாயும் இடத்தில் ஸ்லக் ஜெயிக்கிறது.

நம்மிடம் இருப்பதோ பேரலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் ரகம். ஸ்பிரிங் விடுபட்டதும் பிஸ்டன் பாய்ந்து, முன்னால் இருக்கும் கொஞ்சம் காற்றை ஒரு நொடிக்குள் அமுக்குகிறது. குண்டு லேசாக இருந்தால் சட்டென்று கிளம்பிவிடும். கனமாகவும் இறுக்கமாகவும் இருந்தால் தயங்கும். அந்தத் தயக்கத்தில் அழுத்தம் ஏறி, பிஸ்டன் முட்டித் திரும்பும், துப்பாக்கி கையில் குதிக்கும். குழுவாக விழ வேண்டிய துளைகள் சிதறும். பேரலின் வரிகளும் பெல்லட்டை மனதில் வைத்துப் போட்டவை. 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது சாதாரணமாகக் காணும் அளவு. நீண்ட ஸ்லக்கை நிலைநிறுத்த அந்தச் சுழற்சி குறைந்த வேகத்தில் போதாமல் போகலாம்.

வீட்டுக் கொல்லையில் 10 மீட்டர், மிஞ்சினால் 25 மீட்டர் சுடும் நமக்கு ஸ்லக்கின் நன்மை வந்து சேரும் தூரமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? என் சொந்த உபயோகத்துக்குத்தானே?

சொந்த உபயோகம் என்ற வாதம் இங்கே எடுபடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கி என்பதை வெடிமருந்தால் மட்டும் சுடுவது என்று சொல்லவில்லை. வெடிமருந்து "அல்லது வேறு வகை ஆற்றல்" என்கிறது. அடைத்த காற்றும் அதில் அடங்கும். அதே சட்டம் தோட்டா, குண்டு என்பதற்குத் தரும் விளக்கத்தில், அவற்றின் பாகங்களையும் அவற்றைத் தயாரிக்கும் இயந்திரத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. அதாவது குண்டு அடிக்கும் டையும் பிரஸ்ஸும் சட்டத்தின் பார்வையில் வெறும் பட்டறைச் சாமான் இல்லை. 5-ஆம் பிரிவின்படி லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பு கூடாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறித் தயாரித்தால் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு.

மேலே சொன்ன 4.5 மி.மீ., 20 ஜூல் சலுகை 2016 ஆயுத விதிகளை ஒட்டியது. ஒரு பொழுதுபோக்கு ஏர்கனை வாங்கி வைத்துக்கொள்ள அது போதும். அதைக் காட்டி, வீட்டுத் திண்ணையில் குண்டு தயாரிக்கிறேன் என்று எந்தக் காவல் நிலையத்திலும் போய் விளக்கிக்கொண்டு நிற்க எனக்குத் துணிச்சல் இல்லை. அமெரிக்காவில் அது தச்சுவேலை மாதிரி ஒரு வார இறுதி வேலை. அவர்கள் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு.

5.5 மி.மீ. துப்பாக்கி லைசென்ஸ் இல்லாமல் யாராவது விற்க வந்தால், "ஊர்ல எல்லாரும் வச்சிருக்காங்க சார்" என்பார்கள். வாங்காதீர்கள்.

கும்பகோணத்தில் நல்ல லேத் பட்டறை இருக்கிறது. டை மட்டும் அடித்துத் தரச் சொன்னால்?

சட்டச் சிக்கலில் அந்த லேத்காரரையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள், முதலில் அது. இன்னொன்று, பம்ப்செட் புஷ் கடைவது வேறு, இது வேறு. டையின் உட்சுவரைக் கடைந்து, கடினப்படுத்தி, பிறகு மறுபடி தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். கடினப்படுத்தும் சூட்டிலேயே அளவு கொஞ்சம் நகர்ந்துவிடும். நல்ல டைகளின் விலை அவ்வளவு ஏறுவது இதனால்தான்.

ஈயம் என் வீட்டிலேயே இருக்கிறது. பழைய வலைக்குண்டு, பேட்டரி, பாட்டியின் ஈயச் சொம்பு. இவற்றைப் பற்றி?

சொம்பை அடுக்களையிலேயே விடுங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகும், ஈயத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லேசு. அது ஈயமாக இருந்தால் அதில் ரசம் வைத்த பரம்பரை என்ன ஆகியிருக்கும்!

வீச்சு வலையின் ஓரத்தில் கோக்கும் குண்டுகள் நிஜ ஈயம்தான், ஆனால் பெரும்பாலும் பழைய பேட்டரி, கேபிள் உறை, கிடைத்ததெல்லாம் கலந்து உருக்கியவை. எது எவ்வளவு என்று சொல்ல முடியாது.

பேட்டரியைத் தொடவே தொடாதீர்கள். தட்டுகளில் ஈயத்தோடு ஆன்டிமனி, கால்சியம், ஆர்செனிக் எல்லாம் வரும். அந்தக் கசடு ஈரத்தில் படும்போது ஆர்சின், ஸ்டிபின் என்ற விஷ வாயுக்கள் கிளம்பலாம். அமிலம் தனிக் கதை. பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புதிய பேட்டரி விலையில் கழித்துக்கொள்வார்கள். அதுதான் அதற்குச் சரியான வழி.

வலைக்கு ஈயம் உருக்குவது எங்கள் வீட்டில் எப்போதும் நடப்பது. அதிலும் ஆபத்தா?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இதைக் கேட்காமல் விடுவதில்லை. ஆபத்து உண்டு, ஆனால் பலரும் நினைக்கும் இடத்தில் இல்லை. ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும். அந்தச் சூட்டில் ஆவி மிகக் குறைவு. அடுப்பைக் கண்டபடி ஊதி, சட்டி அடி சிவக்கும் அளவுக்குப் போனால் ஆவியும் கூடும். அதைவிட மோசம் மேலே படியும் சாம்பல் நிறக் கசடு. அதைக் கரண்டியால் வழித்துத் தரையில் தட்டும்போது எழும் தூசி கையில், துணியில், திண்ணையில் படிகிறது. தவழும் குழந்தை அதே கையை வாயில் வைக்கிறது. குழந்தைகளின் இரத்தத்தில் "இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை" என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

ஆகவே உருக்குவதென்றால் வீட்டுக்கு வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இல்லாத இடத்தில். சமையல் பாத்திரம் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். ஐப்பசி மழையில் நனைந்த வலைக்குண்டை உருகிய ஈயத்தில் போட்டால், ஒரு சொட்டு ஈரம் நீராவியாகிச் சட்டியில் இருப்பதை முகத்தில் அடிக்கும். முன்னாலேயே வெயிலில் காயப் போட்டுவிட்டுத்தான் சட்டியில் சேர்க்க வேண்டும்.

ஸ்லக் வேண்டாம் என்றால், குறி ஒரே இடத்தில் விழ என்னதான் செய்வது?

இதைக் கேட்கும்போதுதான் எனக்கு உற்சாகம் வருகிறது. குண்டு தயாரிக்கத் தேவையில்லை, குண்டைப் பொறுக்கினால் போதும்.

ஒரு டப்பா பெல்லட்டை வெள்ளைத் துணியில் கொட்டுங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்க ஓரத்தைப் பாருங்கள். லாரியில் குலுங்கி வந்ததில் சில நசுங்கியிருக்கும். வட்டமாக இருக்க வேண்டிய வாய் முட்டை வடிவில் தெரியும். சிலவற்றில் ஈயப் பிசிறு தொங்கும். இவற்றை எடுத்துவிடுங்கள். மீதியைச் சற்றே சாய்த்த கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். தலை சின்னது, பின்பக்கம் பெரியது என்பதால் எல்லாமே வளைந்துதான் போகும். ஆனால் நல்லவை எல்லாம் ஒரே வளைவில் போய் ஒரே இடத்தில் சேரும். வளைவு மாறியோ, தத்தித் தத்தியோ போவதை ஒதுக்குங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இன்னும் ஒரு படி போக வேண்டுமானால் எடை. நகைப் பட்டறையில் பத்தரிடம் மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கும். நட்பாக இருந்தால் ஒரு மதிய வேளையில் உட்கார்ந்து பிரித்துவிடலாம். வெளிநாட்டு டப்பாக்களில் எடை கிரெயினில் போட்டிருக்கும். ஒரு கிரெயின் 0.0648 கிராம். 8.2 கிரெயின் என்றால் 0.53 கிராம்.

தலை அளவையும் கவனியுங்கள். நல்ல டப்பாக்களில் 4.49, 4.50 என்று போட்டிருக்கும். உங்கள் பேரலுக்கு எது பொருந்துகிறது என்பதைச் சுட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், விலை அதிகமானதே நல்லது என்ற கணக்கு இங்கே இல்லை.

பெல்லட்டைவிடப் பெரிய குறை பெரும்பாலும் பிடியில்தான் இருக்கிறது. ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் சிதறும். துப்பாக்கியின் முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் படுக்க வைத்து, அது குதிக்கிறபடி குதிக்க விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குதித்தால் குறியும் ஒரே மாதிரி விழும்.

போட்டிகளில் சுடுகிறவர்கள் சொந்தமாகச் செய்த குண்டா பயன்படுத்துகிறார்கள்?

இல்லை. 10 மீட்டர் போட்டியில் தட்டையான தலை உள்ள ஆலைத் தயாரிப்பு பெல்லட்தான். தட்டைத் தலை காகிதத்தில் பஞ்ச் மெஷின் போட்டதுபோல் சுத்தமான வட்டத் துளை போடும், புள்ளி கணக்கிடத் தகராறு வராது. ரைபிள் அட்டையில் பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர் பொட்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வரை போனது இந்தப் பொட்டைச் சுட்டுத்தான். பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தால் ரைபிள் கிளப்பில் சேர்த்துவிடுங்கள், மொட்டை மாடியில் தனியாகக் கற்க விடாதீர்கள்.

டப்பாவில் பெல்லட் வெள்ளையாகப் பூத்துவிட்டது. சுடலாமா?

வேண்டாம். அது ஈயம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து வந்த மாவு, விஷம். கடலோர வீடுகளில் சீக்கிரம் வரும். மரப்பெட்டியில் வைத்தால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

துப்பாக்கி வேகம் குறைகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

பேரலின் வெளிப்புறத்தைத் துடைக்கலாம். காற்று அமுங்கும் அறைக்குள் எந்தச் சமையல் எண்ணெயும் போகக் கூடாது. பிஸ்டன் அமுக்கும் சூட்டில் எண்ணெய் பற்றி, டீசல் எஞ்சின் மாதிரி வெடிக்கும். சத்தமும் புகையும் வேகமும் கூடுவதைப் பார்த்து "ஆகா" என்பார்கள். சீக்கிரமே வாஷரும் ஸ்பிரிங்கும் போய்விடும்.

வயலில் எலி, கரையில் கொக்கு. இதற்காவது பயன்படுமா?

கொக்கு, நாரை, நீர்க்கோழி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. ஏர்கனால் சுட்டாலும் வேட்டைதான், சிறைதான். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது. அந்தப் பறவைகள் இரை தேடி வருவது நம் வயலுக்குத்தான்.

எலிக்குத் தஞ்சாவூர் கிட்டியை மிஞ்சியது இல்லை. மூங்கிலை வளைத்து நாண் கட்டிச் சாயங்காலம் வரப்பில் வைத்துவிட்டால், நாம் தூங்கும் நேரத்தில் அது வேலை பார்க்கும். இருட்டில் டார்ச் பிடித்துக்கொண்டு எலியைக் குறி பார்ப்பவர் விடியும்போது கொசுக்கடியோடுதான் வீடு திரும்புவார்.

சுட்ட பெல்லட்டுகளை என்ன செய்வது?

வயல் பக்கம் சுடவே வேண்டாம். அறுப்பு முடிந்ததும் மேய்ச்சல் வாத்துகளை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் அல்லவா? வாத்துக்குப் பல் கிடையாது. தீனியை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொள்ளும். ஈயக் குண்டும் அதற்குச் சின்னக் கல்தான். அது உள்ளே தேய்ந்து இரத்தத்தில் கலந்து வாத்து கழுத்துத் தொங்கிச் சாகும். இப்படி நீர்ப்பறவைகள் செத்ததால்தான் அமெரிக்கா 1991-இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் சதுப்பு நிலங்களில் தடுத்திருக்கிறது.

வீட்டில் ஒரு மரப்பெட்டி போதும். பின்பக்கம் கெட்டியான இரும்புத் தகடு, அதன் முன்னால் பிசைந்த களிமண் நான்கு விரல் தடிமன், அதற்கு முன் அட்டை. களிமண்ணுக்கு டெல்டாவில் பஞ்சமா? காய்ந்து வெடித்தால் குண்டு தெறிக்கும், அதனால் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பிசைந்தால் நாள்பட மெத்தென்று இருக்கும். பெட்டிக்குப் பின்னால் யார் வீட்டுக் கொல்லை என்று பார்த்து வையுங்கள், சுவர் இருந்தால் நல்லது. மண் கனத்துவிட்டதென்று தோன்றும்போது கையுறை போட்டு ஈயத்தைப் பொறுக்கி, ஒரு பழைய டப்பாவில் மூடி வைத்துக் காயலான் கடையில் போடலாம். எடைக்குத்தான் வாங்குவார்கள், ஈயமாயிற்றே, ஒரு டீ செலவுக்கு மேலேயே தேறும்.